பௌஸியின் இரண்டாவது படம்

உ
சிவமயம்

வெள்ளவத்தை,
23.08.1998, ஞாயிறு.

அன்பு மகள் சிவமணிக்கு,

பிள்ளையார் கிருபையால் நானும் அப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். நோர்வேயின் பேர்கன் மழையில் நீயும் மருமகன் நாகேந்திரம் தம்பியும் பேத்தி ஆரபிக்குட்டியும் தடிமன் காய்ச்சல் ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு காலையும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்குச் சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, நாலாம் மாடிக்கு ஏறும்போது மட்டும் இரண்டாம் மாடியில் நின்று யாரோடாவது கதைப்பதுபோல மூச்சு வாங்கிக்கொள்வார். எனக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, ஏன் குறைந்தது என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்க எழுதப்போகிறேன், ஏனென்றால் இந்த மாதம் நான் நடந்த நடையை நீ நம்பமாட்டாய். ஆற அமர இருந்து வாசி, ஆரபியை நித்திரையாக்கிவிட்டு வாசித்தால் இன்னும் நல்லது.

நீங்கள் ரோமாபுரிக்கும் சுவிசுக்கும் போய்வந்த படங்கள் நாற்பத்து மூன்றும் வந்து சேர்ந்தன. தபால்காரர் உறையைக் கையில் தந்தவுடன் படியிலேயே இருந்து பிரித்துவிட்டேன். மகள், உன்னைக் குறை சொல்வதாக நினைக்காதே, பெற்றவள் சொல்லாமல் யார் சொல்வது, நாற்பத்து மூன்று படத்தில் உன் முகம் தெளிவாக இருப்பது மூன்றே மூன்றில்தான். மற்றதெல்லாம் மலை, தேவாலயம், குதிரை மேல் ஒரு கல் மனிதன், தண்ணீர் கொட்டும் தொட்டி. ஒரு படத்தில் பென்னாம்பெரிய பனிமலையின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது, அதுதான் ஆரபி என்று பின்னால் எழுதியிருக்கிறாய். அப்பா பூதக்கண்ணாடியை எடுத்துவந்து கால்மணி நேரம் பார்த்துவிட்டு, "ஓம், சட்டை சிவப்புத்தான்" என்றார். மலையின் படம் எந்தக் கடையிலும் வாங்கலாம் மகள், ஆரபியின் படத்தை நான் எந்தக் கடையில் போய் வாங்குவேன்?

படங்களை விடவும் உன் கடிதத்தின் கடைசியில் இருந்த இரண்டு வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆரபி அச்சொட்டாகத் தங்கள் பக்கம் என்று உன் மாமியார் ஹம்பேர்க்கிலிருந்து வந்தபோது சொன்னதாகவும், உன் சின்ன வயதுப் படம் ஒன்று இருந்தால் ஒத்துப் பார்க்கலாம், ஆனால் எங்களிடம்தான் ஒன்றும் இல்லையே என்றும் பகிடியாக எழுதியிருந்தாய். நீ பகிடியாகத்தான் எழுதியிருப்பாய். எனக்கு அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் அந்த வாடகை வீட்டை விட்டு உடுத்த துணியோடு ஓடினோமே, இரத்மலானை முகாமில் சீமெந்துத் தரையில் படுத்திருந்தபோது உன் பதின்மூன்று வயதுக் கால்கள் என் மடியில் இருந்தன, அப்போது நகையை நினைத்து ஒருவரும் அழவில்லை, அந்த நாலு அல்பத்தை நினைத்துத்தான் நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். தேதி போட்டு, பெயர் எழுதி, நான் கையால் ஒட்டிய அல்பங்கள். நீ பிறந்ததிலிருந்து உன் பதின்மூன்று வயது வரைக்கும் அந்த நாலுக்குள் இருந்தாய். அதற்குப் பிறகு நான் ஒருநாளும் கமரா பக்கம் போகவில்லை என்பது உனக்குத் தெரியும்.

ஆனால் உன் வரிகளை வாசித்த பிறகு அப்பா அலுமாரியைத் திறந்து, தம்பி நாகேந்திரம் போன வருடம் ஆள் மூலமாகக் கொடுத்துவிட்ட கமராவை வெளியே எடுத்தார். பெட்டி கூட உடைபடவில்லை. இனியாவது ஒரு அல்பம் தொடங்குவோம் என்றார். முதல் பிலிம் றோலை நாங்கள் எடுத்த சீரைச் சொன்னால் நீ சிரிப்பாய். காலிமுகத்திடலுக்குப் போய் அப்பா என்னை எடுத்தார், நான் அப்பாவை எடுத்தேன், கல்கிசைக் கடற்கரைக்கும் போனோம். முப்பத்தாறையும் கழுவி எடுத்துப் பார்த்தால், அப்பா எடுத்ததில் எனக்குக் கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை, சாறி மட்டும் நல்ல வடிவாக விழுந்திருக்கிறது. நான் எடுத்ததில் சூரியன் அவருக்குப் பின்னால் நின்றபடியால் கரிக்கட்டை போல ஒரு உருவம், மேல் மூலையில் என் பெருவிரல். நீ எடுத்த மலைப் படங்களை நான் எந்த வாயால் குறை சொல்வது என்று அப்பா கேட்டார். உண்மைதான், அதனால் நான் சொல்லும் புத்திமதி எல்லாம் நான் பிழைவிட்டுப் படித்தது என்று எடுத்துக்கொள்.

இந்த நேரத்தில்தான் பிறிஜெற் அன்ரியின் கடிதம் வந்தது. உனக்கு ஞாபகம் இருக்காது, நீர்ப்பாசனக் கந்தோரில் நானும் அவளும் ஒரே அறையில் ஒன்பது வருடம் தட்டச்சு அடித்தவர்கள், கொட்டாஞ்சேனைப் பிள்ளை, வாய் ஓயாது. இப்போது பண்டாரவளையில் மகளோடு இருக்கிறாள். எங்கள் விலாசத்தை யாரிடமோ கேட்டுப் பிடித்து, வந்து ஒரு கிழமை நின்றுவிட்டுப் போங்கள் என்று எழுதியிருந்தாள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அவளுடைய எழுத்து. இந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் பிரயாணமா என்று முதலில் நான் பின்வாங்கினேன். அப்பாதான், "நாங்கள் வீட்டுக்குள்ளை இருந்தால் மட்டும் சோதிக்காமல் விடுறாங்களே, சோதிக்கிறவங்கள் அங்கையும் சோதிக்கட்டும், குளிரிலை நிண்டு சோதிக்கட்டும்" என்றார். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, சீனிக் குளிசை, கமரா, இரண்டு பிலிம் றோல், இடியப்பம், சம்பல் எல்லாம் கட்டிக்கொண்டு இந்த மாதம் ஆறாம் தேதி காலை கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறினோம். கோட்டையில் பையைக் கொட்டிப் பார்த்த பொலிஸ் பிள்ளை இடியப்பப் பொட்டலத்தை மட்டும் மரியாதையாகத் திரும்பக் கட்டித் தந்தாள்.

நாவலப்பிட்டி தாண்டினதும் எனக்கு வயது பத்துக் குறைந்துவிட்டது மகள். ஜன்னலுக்கு வெளியே தேயிலை பச்சைக் கம்பளம் போலப் போகிறது, ஒவ்வொரு வளைவிலும் ரயிலின் தலையை நாங்கள் வாலில் இருந்து பார்க்கலாம். நான் முதலில் மலையைத்தான் எடுத்தேன், உன்னைப் போலவே. ஆறேழு எடுத்த பிறகுதான் உன் சிவப்புப் புள்ளி நினைவு வந்தது. உடனே கமராவை உள்ளே திருப்பினேன். எதிர் ஆசனத்தில் ஒரு சிங்களத் தாய், மடியில் கோழிக்குஞ்சுக் கூடை, அப்பா அந்தக் கூடைக்குள் விரலை விட்டுக் கொத்து வாங்கி முகத்தைச் சுளிக்கிறார், அந்த நேரத்தில் அழுத்திவிட்டேன். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன் பார், அதில் ஜன்னல் வழியாக ஒரு துண்டு மலையும் இருக்கிறது. மலை அந்த அளவுக்கு இருந்தால் போதும். ஆட்கள் முன்னால் நிற்க, ஊர் பின்னால் நிற்கட்டும்.

ஆனால் பின்னால் என்ன நிற்கிறது என்று பார்த்துவிட்டு எடுக்க வேண்டும், அதை நான் அன்றைக்கே படித்துவிட்டேன். ஒரு ஸ்டேசனில் அப்பா இறங்கி வடை வாங்கினார். கடதாசிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து வெற்றிக்கொடி போல உயர்த்திக் காட்டினார். நான் ஜன்னலால் தலையை நீட்டி எடுத்தேன். அவருக்குப் பின்னால் மண்மூட்டை அடுக்கின காவலரண் இருந்ததை நான் காணவே இல்லை. அழுத்தின மறுகணம் ஒரு ஆமிக்காரன் ஜன்னலடிக்கு வந்துவிட்டான், "அம்மே, மெஹெ பொட்டோ கன்ன பே" என்று கையை நீட்டினான். இங்கே படம் எடுக்கக் கூடாதாம். கமராவைக் கொடுத்தேன். அடையாள அட்டையைக் கேட்டான், கொடுத்தேன். பெயரை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான், அப்பா வடையோடு ஓடிவந்து பக்கத்தில் நின்றார். எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் அந்த நேரம் பார்த்து மறந்து போய்விட்டது. பிலிமை வெளியே இழுத்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் போய்விடும், அதைவிட எங்களை இறக்கிவிட்டால் என்ன செய்வது, ரயிலோ ஊதிவிட்டது. அப்போது அந்தக் கோழிக்குஞ்சுத் தாய் எழும்பி ஜன்னலடிக்கு வந்து, அந்த ஆமிக்காரனைத் தன் பிள்ளையை ஏசுவதுபோல ஏசத் தொடங்கினாள். இந்த அம்மா காலையில் இருந்து தன் புருஷனைத்தான் படம் எடுத்துக்கொண்டு வருகிறாள், உனக்குச் சந்தேகமென்றால் அவருடைய வடையைச் சோதித்துப் பார் என்று சொன்னாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்து, அதை அடக்கிக்கொண்டு, கமராவை என் கையில் தந்து, அடுத்த ஸ்டேசன் வரைக்கும் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டுப் போனான். அப்பா அவனிடம் ஒரு வடையை நீட்டினார். அவன் வாங்கவில்லை, ஆனால் ரயில் நகரும்போது கையைக் காட்டினான். நான் பண்டாரவளை வரைக்கும் கமராவைத் தொடவே இல்லை. அந்தத் தாய் இறங்கும்போது பெயரைக் கேட்கவும் மறந்துபோனேன், அதுதான் எனக்கு இன்றைக்கும் கவலை. அந்தப் படத்தின் பிரதியை நான் யாருக்கு அனுப்புவேன்? நீ பிரயாணத்தில் படம் எடுத்தால் முதலில் பெயரையும் விலாசத்தையும் கேள், பிறகு எடு.

பிறிஜெற் ஸ்டேசனுக்கே வந்திருந்தாள். தலை முழுக்க வெள்ளை, குரல் மட்டும் அப்படியே. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "கனகேஸ், நீ இன்னும் அந்தப் பழைய நடைதான் நடக்கிறே, வாத்து மாதிரி" என்று ஸ்டேசன் முழுக்கக் கேட்கச் சொன்னாள். வீட்டுக்குப் போய்க் கோப்பி குடித்து, யார் யார் எங்கே, யார் யார் இல்லை என்று கதைத்து முடியப் பின்னேரமாகிவிட்டது. நான் கதையோடு கதையாக உன் வரிகளைச் சொன்னேன். எங்களிடம் மகளின் சின்ன வயதுப் படம் ஒன்றும் மிஞ்சவில்லை என்று சொல்லி வாய் மூடவில்லை, அவள் எழும்பி உள்ளே போனாள், பழைய சொக்கலேற் பெட்டி ஒன்றோடு வந்தாள், மேசையில் கவிழ்த்தாள். நத்தார்ப் பண்டிகை வாழ்த்துகளுக்கும் மகளின் கலியாணப் படங்களுக்கும் நடுவில் இருந்து ஒன்றை இழுத்து என் முன்னால் வைத்தாள். எழுபத்திரண்டாம் ஆண்டு குடும்பங்களோடு போன கந்தோர்ச் சுற்றுலா, பக்கத்து ஊரான எல்லயில் இராவணா நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் வரிசையாக நிற்கிறோம். அப்பா கறுத்த தலைமயிரோடு, பக்கத்தில் நான், என் இடுப்பில் நீ.

எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தேன். நீ முகத்தை என் தோளுக்குள் புதைத்துக்கொண்டிருக்கிறாய். பின்தலையும் ஒரு காதும்தான் தெரிகிறது. இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு கிடைத்த ஒரே படத்தில் உன் முகம் இல்லை. பிறிஜெற்றுக்கு முன்னால் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன், காதாவது கிடைத்ததே என்று பகிடியும் விட்டேன், ஆனால் அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்ப் பூக்கன்றுகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பிறிஜெற் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "இரு இரு, இது பௌஸி எடுத்தது. அவன் ஒருநாளும் ஒண்டோட நிக்க மாட்டானே, எப்பவும் ரெண்டு எடுப்பானே" என்றாள்.

பௌஸி அண்ணனை உனக்கு எப்படித் தெரியும், கந்தோர் ஜீப்பின் சாரதி. சுற்றுலா என்றால் அவர்தான் வாகனமும் ஓட்டுவார், தன் சொந்தக் கமராவில் படமும் எடுப்பார், ஒரு மாதத்துக்குள் படத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பிரதி மேசையில் வந்திருக்கும். எங்கள் பிரதியும் அப்படித்தான் வந்து, அல்பத்தில் ஒட்டி, எரிந்துபோனது. அவர் இப்போது எங்கே என்று கேட்டேன். பிறிஜெற் சிரித்தாள், கொம்பனித்தெருவில் அதே வீட்டில்தான், ஒவ்வொரு நத்தாருக்கும் எனக்குக் கார்ட் வருகிறதே என்றாள். வெள்ளவத்தையில் இருந்து பஸ்ஸில் அரைமணி நேரம் மகள்! அதைக் கேட்க நாங்கள் பண்டாரவளைக்கு ஏறவேண்டியிருந்தது.

மிச்ச நாட்கள் அங்கே நன்றாகத்தான் போயின, பிறிஜெற்றின் கரட் தோட்டம், குளிர், கோப்பி, அந்த நீர்வீழ்ச்சியையும் போய்ப் பார்த்தோம், தண்ணீர் குறைவு. ஆனால் என் மனம் கொழும்புக்கு வந்துவிட்டது. வந்து இறங்கின மறுநாள் காலை நானே அப்பாவை இழுத்துக்கொண்டு புறப்பட்டேன். கொம்பனித்தெருவில் பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் ஒரு தேத்தண்ணீர்க் கடையில் கேட்டதும், கடைக்காரர் கையைக் காட்டாமல் கூடவே வந்து கதவைத் தட்டினார். திறந்தது பௌஸி அண்ணனின் மனைவி நஸீறா. யார் என்று சொன்னதுதான் தாமதம், "யா அல்லாஹ், டைப்பிஸ்ட் நோனா!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பௌஸி அண்ணன் உள்ளே சாய்மனைக் கதிரையில் இருந்தார். எழுபத்திரண்டு வயது, மெலிந்துவிட்டார், கால் கொஞ்சம் இழுக்கிறது, கண் மட்டும் கமராக்காரன் கண். அப்பாவைக் கண்டதும் எழும்ப முயன்றார், அப்பா ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் மாறி மாறி முதுகில் தட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு பௌஸி அண்ணன், "எம்பத்திமூணுல ஒங்கட வீட்டுப் பக்கம் வந்தேன் தொரை, ரெண்டு நாளைக்குப் பொறகு. செவரு மட்டும்தான் இரிந்திச்சு. நீங்க இரிக்கீங்களோ இல்லையோ தெரியாமத்தான் இவ்ளோ நாளும்" என்றார். அப்பா ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்தார். நாங்கள் இருக்கிறோம் என்று ஒரு கார்ட் போட எங்களுக்குத் தோன்றவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

எல்லப் படத்தைக் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் பார்த்தார், சிரித்தார், நஸீறாவைக் கூப்பிட்டார். அந்த மனுசி கட்டிலுக்கு அடியில் இருந்து பிஸ்கற் ரின்களை இழுத்தார், ஒன்று இரண்டு அல்ல, பதினொன்று. உள்ளே நெகட்டிவ்கள், பேப்பரில் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் ஊரும் ஆண்டும். இந்த வீட்டில் அரிசி வைக்க இடமில்லை, இதுக்கு மட்டும் இடம் ஈக்கிது என்று நஸீறா வழக்கமான சண்டையைப் போட்டார். ஆனால் ஒவ்வொரு ரின்னுக்குள்ளும் ஈரம் பிடிக்காமல் அரிசி முடிச்சு வைத்திருந்தது அவர்தான். ஏழாவது ரின்னில் "எல்ல 72" இருந்தது. பௌஸி அண்ணன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாக நகர்த்தினார். நெகட்டிவ்வில் முகமெல்லாம் கறுப்பு, தலைமயிரெல்லாம் வெள்ளை, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் ஒரு இடத்தில் நிறுத்தி, "இந்தா, இதுதான் நான் ஒங்களுக்குத் தந்தது" என்றார். ஒரு கட்டம் நகர்த்தினார். "இது நான் தராதது. எல்லாரும் கலைஞ்சு போய்ட்டாங்க, இதக் குடுத்தா ஏசுவாங்கன்னு வெச்சிக்கிட்டேன்."

முதல் படம் ஆட்களுக்காம், இரண்டாவது படம் தனக்காம், அப்படித்தான் அவர் சொன்னார். எடுக்கப்போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி நிற்பார்கள், முடிந்தது என்று சொன்னவுடன்தான் மனிதராக மாறுவார்கள், அந்த நேரம் கமராவை இறக்காமல் வைத்திருந்து இன்னொன்றை அழுத்திவிட வேண்டுமாம். கிட்டப் போக வேண்டும், போதும் என்று நினைத்த இடத்திலிருந்து இன்னும் இரண்டடி போக வேண்டும். வெயிலை ஆளின் கன்னத்தில் பக்கவாட்டாக விழவிட வேண்டும், நேரே விழுந்தால் கண் கூசும், பின்னால் விழுந்தால் கரி. உச்சி வெயிலில் எடுக்கவே வேண்டாம். பிள்ளைகளை எடுக்கும்போது குந்தியிருந்து அவர்களின் கண் மட்டத்தில் எடுக்க வேண்டும், மேலே நின்று எடுத்தால் தலை பெருத்துக் கால் சிறுத்துத் தெரியும். அவர் சொல்லச் சொல்ல அப்பா ஒரு பஸ் ரிக்கற்றின் பின்னால் எழுதிக்கொண்டார், நான் அதைப் பார்த்துத்தான் உனக்கு எழுதுகிறேன்.

கறுப்பு வெள்ளைப் படம் இப்போது பிரதி எடுப்பவர்கள் கொழும்பில் குறைவு. கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்ரூடியோவில் இன்னும் செய்கிறார்கள் என்று பௌஸி அண்ணனே துண்டு எழுதித் தந்தார். அங்கே கொடுத்தோம், மூன்று நாள் தவணை. அந்த மூன்று நாளும் அப்பா இரண்டாம் மாடியில் நிற்காமலே ஏறி இறங்கினார். வெள்ளிக்கிழமை போனோம். அந்தப் பையன் உறையைத் தந்தான். நான் பிரிக்கவில்லை, அப்பாவிடம் கொடுத்தேன், அப்பா என்னிடமே திருப்பித் தந்தார், கடைசியில் இருவரும் ஸ்ரூடியோ வாசலில் நடைபாதையில் நின்றபடி ஒன்றாகப் பிரித்தோம்.

மகள், நீ இருக்கிறாய். எல்லோருக்கும் முன்னால், தனியே, இரண்டு காலையும் அகட்டி நின்று, கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, சட்டை ஒரு தோளால் சரிந்து, வாயைப் பெரிதாகத் திறந்து கமராவைப் பார்த்து எதையோ அதட்டிக்கொண்டிருக்கிறாய். கன்னத்தில் தண்ணீர்த் துளி கூடத் தெரிகிறது. உனக்குப் பின்னால் எல்லாம் ஒரே குழப்பம், பிறிஜெற்றின் கண் மூடியிருக்கிறது, அப்பா யாருக்கோ எதையோ விளங்கப்படுத்துகிறார், நான் ஒரு செருப்பு கழன்ற நிலையில் உன்னைப் பிடிக்கக் குனிந்து, வாய்விட்டுச் சிரிக்கிறேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது, இப்போது உனக்கு இருப்பதிலும் ஒரு வயது குறைவு. நான் அப்படிச் சிரித்தேன் என்பது எனக்கே தெரியாது. அல்பம் இருந்த காலத்திலும் அதில் இந்தச் சிரிப்பு இருக்கவில்லை, எல்லாவற்றிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். அப்பா அந்த நடைபாதையில் நின்று, போகிற வருகிற ஆட்களைப் பாராமல் கண்ணீர் விட்டார். வழியால் போன ஒரு அம்மா என்ன ஐயா, செத்தவீடோ என்று கேட்டா. "இல்லையம்மா, என்ரை மகள் கிடைச்சிட்டா" என்று சொல்லிப் படத்தையும் காட்டினார். அவவும் நின்று ஆறுதலாகப் பார்த்துவிட்டு, சண்டைக்காரிபோல இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனா.

இனி உன் மாமியாரின் விஷயம். வீட்டுக்கு வந்து உன் படங்களையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மறைக்காமல் சொல்கிறேன், மூக்கும் நெற்றியும் தாடையும் உன் மாமியார் சொன்னது சரி, ஆரபி அவர்கள் பக்கம்தான், அதைப் பெரிய மனதோடு ஒத்துக்கொள். ஆனால் நீ பிழையாய்ப் போனது என்று எழுதிக் கடைசியில் வைத்திருந்தாயே ஒரு படம், ரோமில் தங்கின அறையின் கதவடியில், நாகேந்திரம் தம்பி தவறுதலாக அழுத்தியது, அதில் ஆரபி நிற்கிற நிலையைப் பார். கால் இரண்டும் அகட்டி, கை இரண்டும் பின்னால். முகத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், அந்த நிலை எங்கள் வீட்டுச் சொத்து. உன் நாற்பத்து மூன்றில் எனக்குப் பிடித்ததும் அதுதான், அதைத்தான் சாமி அறைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது அப்படிப்பட்ட பிழைகளை இன்னும் கொஞ்சம் விட்டு அனுப்பு. நீ அவளுக்குத் தலை இழுத்துப் பின்னும்போது நாகேந்திரம் தம்பி எடுக்கட்டும், அவர் வரைபடத்தை வைத்துக்கொண்டு வழி தெரியாமல் முழிக்கும்போது நீ எடு. சாப்பாட்டு மேசையை எடு, தங்கின வீட்டுக்காரியை எடு. கறுத்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு நில். உன் கண்ணைப் பார்த்துத்தான் நீ நித்திரை கொள்கிறாயா இல்லையா என்று எனக்குத் தெரியும்.

பௌஸி அண்ணனும் நஸீறாவும் போன ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்து போனார்கள். நாலு மாடியையும் அவர் இழுக்கிற காலோடு ஏறி வந்தார். நான் தோசை சுட்டேன், நஸீறா வட்டிலப்பம் கொண்டுவந்தார், கமரா அன்று முழுக்கப் பௌஸி அண்ணனின் கையில்தான். அந்த றோலை இன்னும் கழுவவில்லை, முப்பத்தாறும் முடியட்டும் என்று அப்பா சொல்கிறார்.

வேறு விசேஷம் இல்லை. பேத்தியைக் குளிரில் கூட்டித்திரியாதே, காதை மூடிக் கட்டு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுக்காதே. நாகேந்திரம் தம்பிக்கு எங்கள் அன்பைச் சொல், கமரா நன்றாக வேலை செய்கிறது, பெருவிரல்தான் குறுக்கே வருகிறது என்று சொல். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த சந்தோஷத்தோடும் வாழ எல்லாம் வல்ல பிள்ளையார் துணை நிற்பார்.

மறக்காமல் ஒன்று செய்ய வேண்டும். எல்லயில் எடுத்த அந்த இரண்டாவது படத்தில் மூன்று பிரதி இதனுள் வைத்திருக்கிறேன், பின்னால் எல்லோருடைய பெயரும் எழுதியிருக்கிறேன். ஒன்றை நீ வைத்துக்கொள். ஒன்றை ஹம்பேர்க்குக்கு உன் மாமியாருக்கு அனுப்பு. மற்றதை அங்கே உனக்கு நல்ல சிநேகிதமான ஒரு நோர்வேக்காரியிடம் கொடுத்து, பெட்டியில் வைத்திருக்கச் சொல். அவளுக்கு நாங்கள் யாரென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. படம் ஒரு வீட்டில் மட்டும் இருக்கக் கூடாது மகள்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா,
ச. கனகேஸ்வரி